அத்தையின் எல் போர்டு

என் அத்தைக்கு,

தேவிக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. நேத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ ஆபீஸ்ல அவளுக்கு எல்.எல்.ஆர் போட்டுட்டு வந்தோம். போன வருசமே "மதினி, ஒரே ஒரு ரவுண்டு"ன்னு கெஞ்சுனா. வயசு முடியாம சாவியத் தொடக்கூடாதுன்னுட்டேன். உங்க மகதானே, மூணு நாள் என்கூடப் பேசல. ஆனா அந்த விசயத்துல உங்கள அடிச்சுக்க ஆள் கிடையாது.

ரெண்டு வருசம், அத்தை. உங்க மகன் என்னைய ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிக் கூட்டிட்டு வந்த நாள்லருந்து நேரா ஒரு வார்த்தை பேசல நீங்க. எல்லாம் மாமா வழியாத்தான். "அவளச் சாப்பிடச் சொல்லுங்க." நான் ரெண்டடி தள்ளித்தான் நிப்பேன். உங்க மகன் கப்பல் வேலைக்குப் போன பொறவும் இதே கதை. எனக்கு எம்புட்டு ஆத்திரம் வரும் தெரியுமா?

பொறவு மாமாவுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கிச்சு. வாரம் மூணு நாள் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். மாமா ஓட்டுன மாருதி கார் வீட்டுல சும்மா நிக்குது. எங்கப்பா ஆலங்குளத்துல டாக்சி ஓட்டுனவரு, எனக்குப் பதினெட்டு முடிஞ்சதுமே லைசென்ஸ் எடுக்க வச்சாரு. அதனால நான் ஓட்டுறேன்னேன். "அவ ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன்"னு மாமாகிட்டச் சொல்லிட்டு, அம்பத்தோரு வயசுல நீங்களே எல்.எல்.ஆர் போட்டுட்டு வந்தீங்க.

அங்கதான் சட்டம் உங்கள மடக்குச்சு. எல் போர்டு வண்டியில லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்துல உக்காரணும். ஆபத்துன்னா வண்டிய நிறுத்த முடியுற ஆளா இருக்கணும். மாமாகிட்ட லைசென்ஸ் இருந்துச்சு, ஹேண்ட் பிரேக்க இழுக்கத்தான் கை வரல. டிரைவிங் ஸ்கூல் ஆம்பளையாளுக கூட உக்கார மாட்டேன்னுட்டீங்க. மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

மொத நாள் வத்திராயிருப்பு ரோட்டுல போனோம். கார்ல மூணாவது ஆள் கிடையாது. ஸ்டியரிங்கப் பாத்து, "கிளச்ச எப்ப விடணும்னு தெரியலையே"ன்னீங்க. நானும் எதுத்த கண்ணாடியப் பாத்து, "இப்ப விடலாம்"னேன். நாலு நாள் இப்படியே ஓடுச்சு. அஞ்சாம் நாள் ஒரு எருமை குறுக்க வந்துச்சு.

"ஏட்டி, இழு, இழு."

இழுத்தேன். வண்டி நின்னுச்சு. எருமை நம்ம ரெண்டு பேரையும் ஒரு மாதிரி பாத்துட்டுப் போச்சு. நீங்க சிரிக்க ஆரம்பிச்சீங்க, எனக்கும் அடக்க முடியல.

அதுக்குப் பொறவு உங்க வாய் ஓயல. சின்னப் புள்ளையில கான்சாபுரத்துல சைக்கிள் ஓட்டி அடி வாங்குனது, உங்க மாமியா உங்களப் படுத்துனது, எல்லாம் அந்த ரோட்டுலதான் கேட்டேன். வீட்டுக்குள்ள கால வச்சதும் மறுபடி "அவகிட்டச் சொல்லுங்க"தான். அது என்ன வீம்போ?

எல்.எல்.ஆர் போட்டு முப்பது நாள் முடிஞ்சா டெஸ்டுக்குப் போகலாம். கண்ணு வலின்னீங்க, அமாவாசைன்னீங்க, டெஸ்டு வைக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் முறைக்காருன்னீங்க. ஆறு மாசத்துல எல்.எல்.ஆர் காலாவதியாகி, மறுபடியும் போட்டீங்க. ராஜபாளையம் பஜாருக்குள்ள என்னையவிட நல்லாவே ஓட்டுனீங்க. இருந்தும் டெஸ்டுக்குப் போகலையேன்னு எனக்குப் பொறுக்கல. ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிய நிறுத்துனதும், மாமா பின்சீட்டுல இருக்கையிலயே கேட்டுட்டேன்.

"டெஸ்டுக்கு ஏன் போக மாட்டேங்கீங்க அத்தை?"

என் பக்கம் திரும்பவே இல்ல.

"லைசென்ஸ் வந்துட்டா நீ எதுக்குட்டி கூட வரப் போற?"

பின்னால மாமா குழறிக் குழறிச் சொன்னாரு, "அப்பாடா, இனிமே எனக்கு வேலை மிச்சம்."

மறு வாரமே டெஸ்டுக்குப் போனீங்க, ஒரே தடவையில பாஸ். எல் போர்டக் கழட்டுன பொறவும் அந்த இடது சீட்டுல நான்தானே இருந்தேன், கடைசி வரைக்கும்.

நீங்க போயி எட்டு மாசமாச்சு. மாமா இப்ப குச்சி ஊனி நடக்காரு. அந்த எல் போர்டத் தூக்கி எறியாம வச்சிருந்தேன். இன்னைக்குக் காலையில தேவி அதத் தொடச்சு மாட்டுனா. "முப்பது நாள்ல டெஸ்டுக்குப் போயிரலாம்ல மதினி?"ன்னு கேட்டா. போகலாம்னேன்.

ஒண்ணு இத்தனை நாள் உங்ககிட்டச் சொல்லல அத்தை. அந்த ரெண்டு வருசமும் நானும்தான் பேசல. நீங்க மொதல்ல பேசட்டும்னு இருந்துட்டேன். அம்புட்டு நாளும் வீணாப் போச்சே. தேவி லைசென்ஸ் வாங்குனாலும் அவ கூடவே போவேன். கோவிச்சுக்கிட்டு அவ வாய மூடுனா, எருமை குறுக்க வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். நானே மொதல்ல பேசிருவேன்.

இடது சீட்டுல இருந்து,
உங்க மருமக