பின்னந்தலை

மாண்புமிகு தலைமை நர்ஸ் அம்மாவுக்கு,

நீ பதவி உயர்வுல அந்த ஊருக்குப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. "சலூனை இங்கே மாத்திக்கிட்டு வாங்க"ன்னு வாராவாரம் எழுதறே. என் கத்தரிக்கோலை நம்பியிருக்கிற வாடிக்கைக்காரங்களை நட்டாத்துல விட முடியுமான்னு நானும் வாராவாரம் கேக்கறேன்.

நேத்து, பத்து வருஷமா என்கிட்டயே முடி வெட்டிக்கிற போஸ்ட் மாஸ்டர்கிட்ட, "ஊரை விட்டுப் போயிடலாமான்னு பாக்கறேன் சார்"னு சும்மா சொல்லிப் பார்த்தேன். மனுஷன் கண் கலங்குவார்னு நினைச்சேன்.

"தாராளமா போங்க. எதிர்க்கடையில ஏசி போட்டிருக்கான்"ங்கறார்!

பாதி மீசையோட எழுப்பி விட்டிருப்பேன். தொழில் தர்மம் தடுத்துடுச்சு. அதோட விட்டாரா? கண்ணாடியில என்னைக் காட்டி, "முதல்ல உங்க தலையைக் கவனிங்க"ன்னார்.

கல்யாணம் ஆனதுலேருந்து என் பின்னந்தலையில கத்தரி வச்சது நீ ஒருத்திதான். கோணலாத்தான் வெட்டுவே, அது வேற விஷயம். இப்போ முடி காலரைத் தொடுது. எதிர்க்கடைக்காரன்கிட்ட தலையைக் கொடுக்கறதுக்குப் பதிலா நான் சடை பின்னிக்குவேன்.

ஞாயித்துக்கிழமை வரேன். கடை நாற்காலி லாரியில வருது. நீ ஒரு பழைய துண்டு மட்டும் எடுத்து வை.

இப்படிக்கு,
உன்னோட ஒரே வாடிக்கைக்காரன்