சம்பங்கி நகரில் கம்பு கட்டினார்கள்

பிப்ரவரி 3. பனி.

முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்புத் துணி. எதிர்வீட்டு மொட்டைமாடிக்கு மேலே, பனியில் துணி மட்டும். வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியோடு நின்றுவிட்டேன். வெயில் ஏறிய பிறகுதான் மூங்கில் தெரிந்தது. ஒன்றல்ல, இரண்டு. நடுவில் கயிறு.

பால்காரரிடம் கேட்கக் கூச்சம். அவரே சொன்னார். "பாய் வீட்ல மாடி எடுக்கப் போறாங்க. கம்பு கட்டிட்டாங்க, பாரு."

நான் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ராஜி அம்மாவுக்குக் கால் பிடித்துவிடும்போது கேட்டேன். இந்த நகரின் வழக்கமாம். மாடி எடுப்பவர்கள், சுவர் வரப்போகும் இடத்தில், வரப்போகும் உயரத்துக்கு மூங்கில் நட்டுத் துணி கட்ட வேண்டும். பௌர்ணமி வரை இருக்கும். எதிர்வீட்டுக்காரர்கள், பின்வீட்டுக்காரர்கள் தங்கள் மொட்டைமாடியில் ஏறிப் பார்ப்பார்கள். மலை மறைந்தால் சொல்லலாம். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கலெக்டர் ஆபீசில் கேட்டாலும் தெரியாது.

"சண்டை வராதாம்மா?"

"மொணமொணப்பு வரும். கம்பு எறங்கிடும்."

எங்கள் கீழ்பென்னாத்தூரில் வரப்பைக் கொஞ்சம் தள்ளினாலே அரிவாள் வரும். இங்கே வானத்தில் வரப்பு போட்டு, அதையும் மதிக்கிறார்கள்.

வாங்க: பப்பாளி, பினாயில், அம்மாவுக்கு முதுகுப் பவுடர்.

பிப். 5. நல்ல வெயில். பெட்ஷீட் எல்லாம் துவைத்தாயிற்று.

அம்மாவுக்கு இன்று பேச்சு வந்த நாள். மழைக்காலத்தில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர், பழைய கதை சொன்னால் வலி மறந்துவிடுகிறார். இந்த இடம் முழுக்க சம்பங்கித் தோட்டமாக இருந்ததாம். விடியுமுன் பறித்துக் கோயில் கடைத்தெருவுக்குப் போகும். கிணறு வற்றியதும் மனை போட்டார்கள். முதலில் ரிட்டையர் ஆனவர்கள் வந்தார்கள். பிறகு பெங்களூர்க்காரர்கள், பெரிய கார்களோடு. கடைசியில் வெள்ளைக்காரர்கள். எல்லாரும் மலைக்காக வந்தவர்கள்.

பாய் குடும்பம் மட்டும் எங்கிருந்தும் வரவில்லை. அந்தத் தோட்டத்துப் பூவை மொத்தமாக வாங்கி விற்றவர்கள் அவர்கள்தான். முதன்முதலில் கம்பு நட்டதும் பாயின் அப்பாவாம். தண்ணீர்த் தொட்டி கட்டுமுன், "மலையப் பாக்க எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க, தொட்டியப் பாக்கவா வந்தாங்க"ன்னு சொல்லி நட்டாராம். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும்.

இந்தத் தெருவில் எனக்குப் பிடித்தவை: யாரும் ஹாரன் அடிப்பதில்லை. மதில்மேல் மயில் உட்கார்ந்தால் கார் காத்திருக்கும். டாக்டர் வீட்டுக்காரர் தன் வாசலைத் தானே பெருக்குவார், பேன்ட்டை மடித்துக்கொண்டு. பணம் வேறு இடங்களில் முகப்பில் தெரியும். இங்கே வீட்டின் பெரிய ஜன்னல் எது என்று பார்த்தால் போதும், மலை எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று. ஒன்பதாவதோடு ஏன் நின்றாய் என்று இங்கே யாரும் என்னைக் கேட்டதில்லை.

பிப். 8. மேகம். காற்று.

அம்மாவின் மகன் ரகு அண்ணன் பெங்களூரிலிருந்து வந்தார். மாடிக்குப் போனார், கம்பைப் பார்த்தார், போட்டோ எடுத்தார், இறங்கினார். வாசலில் நின்றபடி, "மல முழுசா தெரியுது பாய். தாராளமா கட்டுங்க." பாய்க்குச் சந்தோஷம். மூத்த பையனுக்குக் கல்யாணம், அவனுக்காக ஒரு அறை. சேமியா பாயசம் வந்தது. முந்திரி ஜாஸ்தி.

மதியம் அண்ணனின் பை நாற்காலியில் இருந்ததால் கட்டிலிலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டினேன். அம்மாவின் வாயைத் துடைக்கத் தலையணை வரைக்கும் குனிந்தேன். அப்போது ஜன்னலைப் பார்த்தேன்.

மலை முழுவதும் கயிற்றுக்குக் கீழே. உச்சியும் கீழே. கயிற்றுக்கு மேலே வெறும் வானம். சுவர் வந்தால் சுவர்தான்.

மாடியில் நிற்பவர்களுக்கு மறையாது. அம்மா மாடி ஏறி எத்தனையோ மாதமாகிறது. கண் விழித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "பனி வெலகிச்சா, மல வந்துச்சா?" வந்தால்தான் காப்பி.

"அம்மா, மறைஞ்சிடுமே."

"தெரியும்டி. மொத நாளே பாத்துட்டேன்."

"பாய்கிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னா நிறுத்திடுவாரு. அதான் எனக்கு பயம். கட்டிக்கினு வர்ற பொண்ண எங்க வைப்பாங்க? நீ வாயத் தொறக்காத."

அதற்கு என்னிடம் சொல்ல வேண்டியதே இல்லை. வெளியாட்களிடம் நான் வாய் திறப்பதே அபூர்வம்.

பிப். 10. வெயில்.

காலையில் அம்மா ஜன்னலை மூடச் சொன்னார். கண் கூசுகிறதாம். வடக்குப் பக்கம் என்ன கூச்சம்? "பழகிக்கிறேன்டி" என்றார் பிறகு. காப்பி பாதி டம்ளரோடு நின்றது.

சாயங்காலம் பாயம்மா வந்தார், தினமும் வருவதுபோல. அதே நாற்காலி, ஜன்னலுக்கு முதுகு. மருமகளுக்கு எடுத்த புடவைகளின் படம் போனில். அம்மா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். நல்லா இருக்கு, நல்லா இருக்கு.

"ஏன் ராஜி, உங்க பவி என்னிக்காவது பேசுவாளா? அவளுக்குப் பல்லு இருக்குதான்னே எனக்குத் தெரியல."

"இருக்கு. முறுக்கு மட்டும் சத்தமா தின்னுவா."

இருவருக்கும் சிரிப்பு. நான் டீயோடு அடுக்களை வாசலில், ஆடை படியும்வரை நின்றேன்.

சிலிண்டர் வந்தது.

பிப். 12. பௌர்ணமி. காலை பனி, பிறகு தெளிவு.

நாளை கம்பை எடுத்துவிட்டு செங்கல் இறக்குகிறார்கள்.

மத்தியானத்திலிருந்தே செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டம். இந்த நகரில் பௌர்ணமிக்கு ஒரு வேலை உண்டு. எல்லா வீட்டிலும் தோட்டத்துக் கழிவறையைத் திறந்து வைப்போம், நடந்து வரும் பெண்களுக்காக. கழுவி, பக்கெட் நிரப்பி, சோப்பு வைத்தேன். வெளியே வந்த ஒரு அம்மாள் கூட வந்தவளிடம் சொன்னது: "பங்களாக்காரங்க நாய அவுத்து விடுவாங்கன்னு பாத்தா, சோப்பு வெச்சிருக்காங்கடி." எனக்குப் பெருமை. என் வீடு போல.

எதிரே பாயம்மா நடப்பவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெளிச்சம் இருக்கும்போதே அவரிடம் போய்விட வேண்டும் என்று தோன்றியது. தெருவைத் தாண்டினேன்.

"பாயம்மா, ஒரு தரம் வந்து அம்மா பக்கத்துல படுங்க."

"படுக்கவா? எதுக்குடி?"

அவர் முந்தானையைப் பிடித்தேன். முகத்தைப் பார்த்தார். சொம்பை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்னடி கூத்து இது?" என்றார் அம்மா. பாயம்மா செருப்பைக் கழற்றிக் கட்டிலில் ஏறிப் படுத்தார். கட்டில் முனகியது. "ரெண்டு பேரையும் தாங்குமா இது?" இருவரும் சிரித்தார்கள். நான் ஜன்னலைத் திறந்தேன்.

சிரிப்பு நின்றது. பாயம்மா தலையணையில் தலையைத் திருப்பிக் கயிற்றைப் பார்த்தார்.

"தெனமும் வரேன் ராஜி. முதுகக் காட்டிக்கினே ஒக்காந்துட்டுப் போறேன்."

"விடு நூரு. கல்யாண வேல."

பாயம்மா படுத்தபடியே போன் போட்டார். "ஏங்க, மேஸ்திரியக் கூப்புட்டுக்கினு மேல போங்க. கம்பக் கெழக்கால தள்ளணும்."

பாயின் குரல் எனக்கும் கேட்டது. "கெழக்கால படிக்கட்டு இருக்குதே?"

"படிக்கட்டு நகரும். ராஜி நகருவாங்களா?"

"வேணாம் நூரு, செலவு ஜாஸ்தி" என்று அம்மா கையைப் பிடித்தார். பாயம்மா அந்தக் கையை விடாமல், போனையும் விடாமல், "தள்ளுங்க" என்றார்.

எதிர் மாடியில் பாயும் மேஸ்திரியும். கம்பு பிடுங்கப்பட்டது. துணி ஆடியது. எங்கே நிறுத்துவது என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் தலையணையில் என் தலையையும் வைத்துப் பார்த்தேன். மேற்குச் சரிவு வந்தது. கம்பு இன்னும் நகர்ந்தது. உச்சி வந்தது.

எழுந்து ஓடி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போதும் பாய், அங்கயே நடுங்க" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.