கடைசிப் பங்கின் இனிப்பு

அன்புள்ள அப்பா,

முதுகுவலி தேவலையா? ஹவானாவில் நான் சுகம்.

நேற்று ஆலையில் சுருட்டு ருசி பார்க்கும் வேலைக்குத் தேர்வு நடந்தது. பெயர்ப்பட்டை கழற்றிய சுருட்டைப் பற்றவைத்தேன். முதலில் மிளகுக் காரம். பாதியில் வறுத்த காப்பி. கடைசியில் தேன்போல ஓர் இனிப்பு. வெறும் இலைக்குள் இவ்வளவா என்று பிரமித்து, ருசியைத் தாளில் எழுதவே மறந்துவிட்டேன்.

"என்னடி, நாக்கை முழுங்கிட்டியா?" என்றார் தேர்வு நடத்திய மிரேயா.

"இருங்கக்கா, இன்னும் மாறிக்கிட்டே இருக்கு!"

"அப்ப நீ தேறிட்ட. மத்தவங்க பாதியிலேயே எழுதி முடிச்சிட்டாங்க."

எழுந்ததும் தலைசுற்றி விழுந்தேன்; காயமில்லை.

நம் வீட்டுக் காப்பித்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். அப்பா, நீங்கள் பிடிப்பது நீங்களே பயிரிட்ட புகையிலைதான், ஆனாலும் சுருட்டைப் பாதியில் அணைத்துவிட்டு வயலுக்கு ஓடுவீர்கள். ஒரு ஞாயிறு இங்கே வாருங்கள். கடைசிவரை பிடியுங்கள், நான் பக்கத்தில் இருப்பேன். ஆலைச் சங்கு ஊதிவிட்டது.

உங்கள் மகள்
யனேலிஸ்