அவர் எந்த நாட்டு ஆள்?

என் உயிரான அண்ணனுக்கு,

நீங்கள் கண்மூடிப் பத்து மாதம் ஆகிறது. மனு எழுத ஆளில்லாமல் நானே எழுதப் பழகிவிட்டேன். இன்றைக்கு மனு இல்லை, அண்ணே. உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

இந்தோனேசியாவோடு சண்டை முடிந்துவிட்டது. தலைவர்கள் கை குலுக்கும் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். இந்தோனேசியாவின் ரியாவ் தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போய்ப் படகோடு பிடிபட்ட என் வீட்டுக்காரர் மட்டும் இன்னும் வரவில்லை.

நாம் ஏறி இறங்கிய வாசல்களை மறந்திருக்க மாட்டீர்கள். பிரிட்டிஷ் தூதரகத்தில் வெள்ளைக்கார அதிகாரி நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்து, "எங்கள் கவலையைத் தெரிவித்திருக்கிறோம்" என்றார். இந்தியத் தூதரக அதிகாரி சொந்தக்காரர்போல் தமிழில் உருகினார். கடைசியில், "அவரு எங்க பாஸ்போர்ட் இல்லையேம்மா" என்று மனுவைத் திருப்பித் தந்தார். இப்போதுதான் திறந்திருக்கும் இந்தோனேசிய அலுவலகத்தில் சிரித்த முகத்தோடு "பெலும்" என்கிறார்கள். இன்னும் இல்லை என்று அர்த்தமாம். இல்லவே இல்லை என்பதையும் அப்படித்தான் சொல்வார்களா?

கோலாலம்பூரில் மலேசிய அரசுக்கு நீங்கள் கடைசியாக எழுதிய மனுவுக்கு, நீங்கள் போன பிறகு பதில் வந்தது. என் கணவர் சிங்கப்பூர்க்காரராம், அங்கேயே கேட்க வேண்டுமாம். இங்கே சிங்கப்பூரில் கேட்டால், படகு மலேசியாவின் பினாங்கில் பதிவானது என்கிறார்கள். அவர் புறப்பட்டபோது சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நாடாகத்தானே இருந்தன?

போன வாரம் இந்தோனேசியச் சிறையிலிருந்து விடுதலையானவர்கள் வந்து இறங்கினார்கள். துறைமுகத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அதே படகில் வேலை செய்த சாமிநாதன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அண்ணி, அவரு உசிரோடதான் இருக்காரு. எந்த நாடுன்னு கேட்டாங்க. மலேசியான்னு சொல்லிட்டாரு. நாடு பிரிஞ்சது எனக்குப் பக்கத்துல படுத்திருந்தவன் சொல்லித்தான் தெரியும். அவர வேற இடத்துல வச்சிருந்தாங்க, அவருகிட்ட யாரும் சொல்லல. சிங்கப்பூர்ப் பட்டியல்ல இல்லன்னு நிறுத்திட்டாங்க லா."

என் வீட்டுக்காரர் பொய் சொன்னாரா? தெரிந்ததைத்தானே சொன்னார்!

மறுநாள் நம் புது வெளியுறவு அமைச்சுக்கு ஓடினேன். ஓர் இளைய அதிகாரி, "நாங்களே புதுசு அம்மா" என்று சொல்லிக்கொண்டே என் முன்னாலேயே கடிதம் எழுதினார். அது எத்தனை மேசை தாண்டிப் போய்ச் சேருமோ! நான் காத்திருக்கவில்லை. ரியாவுக்கு மறுபடி போக ஆரம்பித்த படகுக்காரர் ஒருவரிடம் சிறையில் அவரிடம் சேர்க்கச் சொல்லி ஒரு துண்டுத் தாள் கொடுத்தனுப்பினேன். நலம் விசாரித்துக்கூட எழுதவில்லை, அண்ணே. "இனிமேல் யார் கேட்டாலும் சிங்கப்பூர் என்று சொல்லுங்கள்." அவ்வளவுதான்.

தாள் போய்ச் சேராவிட்டால் அடுத்த படகில் நானே ஏறுவேன். அவர் எதிரில் நின்று, நாம் எந்த நாடென்று சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் கைப்பிடித்து நடந்த தங்கை,
பார்வதி