வெட்டி ஒட்டும் நொதியமும் என் மூன்றாவது சுற்றும்

ஒக்டோபர் 13, திங்கள்

விடியலிலிருந்தே மழை. கலஹாவிலிருந்து அண்ணனின் ஆட்டோவில் கண்டி ஆஸ்பத்திரிக்கு. மூன்றாவது சுற்று மருந்து. சூலகப் புற்றுக் கட்டியை ஜூலையிலேயே வெட்டி எடுத்தாயிற்று. மிச்சம் மீதி இருந்தால் அதற்குத்தான் இது. முடிந்ததும் ரத்தப் பரிசோதனை (இனி ர.ப.; ஊசி ஏறிய கை, நீளமாக எழுத வராது). ரத்தத்தில் கட்டியைக் காட்டும் புரதத்தின் அளவு இறங்கியிருந்தால் விடுதலை. இல்லாவிட்டால் வேறு மருந்து, மறுபடி முதலிலிருந்து.

கொண்டுவந்தவை: துவாய், இரண்டு சட்டை, இஞ்சி டொபி, உயர்தர உயிரியல் புத்தகம்.

"இது எதுக்குடி இங்க?" என்றான் அண்ணன். டீச்சர் புத்தி, வேறென்ன.

ஒக். 14

வாந்தி குறைவு. நன்றி, இஞ்சி டொபி.

பக்கத்துக் கட்டிலில் அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம் அக்கா; எல்லாருக்கும் ராத்தா. "டீச்சர், இந்த மருந்து உள்ளுக்குப் போய் என்ன செய்யும்?"

சும்மா இருப்பேனா. புத்தகத்தை விரித்தேன். டி.என்.ஏ. இரட்டை நூல். பிரதி எடுக்க அதைப் பிரித்துக்கொண்டே போனால் முன்னால் முறுக்கு ஏறும். மிகைச்சுருள். டொபோஐசோமரேஸ் என்ற நொதியம் நூலை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, திரும்ப ஒட்டும். நமது மருந்து அதை வெட்ட விடும், ஒட்ட விடாது. வெட்டுப்பட்ட நூலோடு கலம், அதாவது செல், சாகும்.

"அப்ப நல்ல கலமும் சாகுமே?"

"சாகும் ராத்தா. அதான் என் தலையைப் பாக்குறீங்களே."

இருவரும் சிரித்தோம். அவருக்கும் முடி இல்லை.

ஒக். 15

கழிவறைக்குப் போய் வந்ததே இன்றைய வேலை. ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கிறேன். சேலைன் குழாய் முறுக்கேறி, முறுக்கின்மேல் முறுக்கு விழுந்து, சொட்டு நின்றுவிட்டது.

நர்ஸ் மிஸ் வந்தார். சிங்களவர், தமிழ் பழகுகிறார்; என்னைத் தங்கை முறையில் நங்கி என்பார். "நங்கி, ஒரே பக்கம் சுத்தினா இப்படித்தான்." குழாயை அடைத்தார். கையிலிருந்து கழற்றினார். அது தானாகவே சுழன்று அவிழ்ந்தது. மறுபடி பொருத்தினார். சொட்டு, சொட்டு.

இத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்தது கண்ணெதிரே!

"மிஸ், நீங்கதான் டொபோஐசோமரேஸ்!"

"அது யாரு?"

ராத்தாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல். மிஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். குழாயில் ஓடியது ஒட்ட விடாத மருந்து. அதை எனக்கு ஒட்டிக் கொடுத்தவர் அவர். பிறகு சிங்களத்தில் நன்றி சொன்னேன். போதவில்லை.

ஒக். 20, தீபாவளி

வீட்டில். எழும்பவே முடியவில்லை. எங்கள் தோட்ட லயத்தின் வரிசையில் ஒரு வீட்டிலும் பலகார வாசம் இல்லை. இந்த வருடம் எவரிடமும் காசில்லையோ என்று நினைத்தேன்.

அண்ணன்தான் சொன்னான்: "ஒனக்கு எண்ணெ வாசம் ஆகாதுன்னு எல்லாரும் கோயில் பக்கம் அடுப்ப வச்சு சுட்டாங்க."

மழையில். குடை பிடித்துக்கொண்டு சுட்டார்களாம். நன்றாக அழுதேன்.

நவம்பர் 6

ர.ப.வுக்கு ரத்தம் கொடுத்தேன். பயம்.

நவ. 11, செவ்வாய்

வெயில். கிளினிக் வாங்கில் உட்கார்ந்து மதியம் வரை காத்திருப்பு. டொக்டர் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி பார்த்தார். உயிர் போய் வந்தது.

"அளவு சரியா இருக்கு. இனி மருந்து வேணாம். மாசா மாசம் வந்து ரத்தம் மட்டும் குடுங்க."

படியிறங்கும்போது என் நொதியங்களிடம் சொன்னேன்: வெட்டுங்கள், ஒட்டுங்கள், இனி யாரும் மறிக்க மாட்டார்கள். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

வாசலில் அண்ணன். "என்னடி சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லையாம் அண்ணே. போயிருச்சாம்."

ஆட்டோவில் ஏறினோம். சாவியைப் போட்டான், திருப்பவில்லை.

"கண்ணு தெரியலடி. கொஞ்சம் இரு."

பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. அடிக்கட்டும்.