பதினேழாம் எண் வில்லை

மரக்காணம்
3.10.2005

அன்புள்ள விக்டர் மாமாவுக்கு,

சுனாமிக்குப் பிறகு விசாரித்து எழுதியிருந்தீர்கள். இத்தனை மாதம் பதில் போடாததற்குக் கோபிக்காதீர்கள். வீடு தப்பியது. உப்பளத்தில் ஏறிய சேற்றை இப்போதுதான் வழித்து முடித்தார்கள். அம்மாவுக்குக் காதுதான் மந்தம், வாய் அல்ல.

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் இறந்தவர்களுக்கு ஊரில் கல் வைக்கிறார்கள். அப்பா பெயர் இல்லை. விமானப்படையில் அவர் பழுதுபார்த்து, சோதனைக்குப் பறந்த விமானம் விழுந்தது, அப்பா உள்ளே மறந்துவிட்ட ஸ்க்ரூடிரைவரால்தான் என்கிறது அறிக்கை. கல் வைக்கும் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் தனகோடி, "பிளேனைக் கவுத்தவருக்குமா கல்லு?" என்றார். அம்மா விடவில்லை: "அதுலயே ஏறிச் செத்தாரே, அவருக்குப்பா!"

நீங்கள் அப்பாவோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவர். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று ஒரு வரி எழுதித் தாருங்கள்.

உங்கள் மகள் போன்ற
ஞானமேரி


பெங்களூர்
21.10.2005

அம்மா ஞானமேரி,

ஒரு வரி போதாது.

ஷெட்டில் கருவிகள் மாட்டிய பலகையிலிருந்து எதை எடுத்தாலும், அந்த இடத்தில் நம் எண் போட்ட பித்தளை வில்லையை மாட்ட வேண்டும். கருவியைத் திருப்பி வைத்தால்தான் வில்லை கைக்கு வரும். அன்று என் வில்லைகள் தீர்ந்துவிட்டன. உன் அப்பாவிடம், "தாசு, உன்னுது ஒண்ணு குடுடா" என்றேன். கொடுத்தான். ஸ்க்ரூடிரைவரை எடுத்தது நான். உள்ளே விட்டதும் நான். போர் அவசரத்தில் யாரும் பலகையைப் பார்க்கவில்லை. விமானியோடு உன் அப்பா ஏறினான். பலகையில் அவன் எண் பதினேழு தொங்கியது. நான் வாய் திறக்கவில்லை.

விசாரணை முடிந்ததும் அந்த வில்லையை எடுத்து வைத்துக்கொண்டேன். இத்துடன் அனுப்புகிறேன். ஜனவரியில் பேத்திக்குக் கல்யாணம். படித்ததும் கிழித்துவிடு. மன்னித்துவிடு, தாயே.

விக்டர்


மரக்காணம்
2.11.2005, கல்லறைத் திருநாள்

திரு. விக்டர் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. மூன்று ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் காதருகே சத்தமாக வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். பிறகு, "அவன் இங்க வந்து சொல்லட்டும்" என்றாள்.

கல்லூரியில் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டவர்களிடம், காய்ச்சல் என்றே சொல்லியிருக்கிறேன். அறிக்கையை நானும் பாதி நம்பினேன் போலிருக்கிறது. அதற்கு நான் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்களை மன்னிப்பது என் வேலை இல்லை.

வில்லையைத் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் ஷெட்டின் சட்டம்தான்: எடுத்ததை வைக்காமல் வில்லை கைக்கு வராது. டிசம்பர் 4, காலை பத்து மணிக்குக் கல் திறப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே மேடை. எல்லோர் முன்னாலும் அவர் பெயரைத் திருப்பி வையுங்கள். பிறகு வில்லையை அம்மா கையில் கொடுங்கள்.

நீங்கள் வராவிட்டால் உங்கள் கடிதத்தை நான் வாசிப்பேன். எனக்குக் குரல் நன்றாகவே இருக்கிறது.

அந்தோணிதாஸ் மகள்
ஞானமேரி