அம்மா அழாத கவிதை

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை

அன்புள்ள யோகநாதன் அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? போனில் சொன்னால் இடையில் புகுந்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். அதனால்தான் எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். கோபித்தாலும் முழுவதையும் வாசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவில் உங்கள் புத்தக வெளியீடு. எங்கள் தம்பி ஜனாவுக்காக எழுதிய கவிதையை நீங்கள் வாசிக்கும்போது, ஸூமில் அம்மாவின் முகத்தைத் திரையில் காட்டப் போவதாகச் சொன்னீர்கள். அம்மா நீலச் சேலையை அயன் பண்ணி வைத்துவிட்டார். அதைப் பற்றித்தான் கதைக்க வேண்டும்.

நானும் என்னுடன் படிப்பிக்கும் லுத்பியா ரீச்சரும் உயர்தர வகுப்பு மாணவர்களுக்காகப் பழைய போர்ப்பாடல்களையும் துயர நாடகக் காட்சிகளையும் தொகுக்கிறோம். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் எது மேலோங்குகிறது என்று தனித்தனியே எழுதிவிட்டு ஒப்பிட்டுப் பார்ப்போம். போன கிழமை பகிடிக்கு உங்களின் அந்தக் கவிதையைப் பெயர் போடாமல் நடுவில் சொருகினேன். மகன் இறந்த சேதி கேட்டும் கண் கலங்காத தாய். நான் யோசிக்காமல் 'பெருமிதம்' என்று எழுதினேன். லுத்பியா 'அச்சம்' என்று எழுதியிருந்தார். நான் சண்டைக்குப் போனேன். அவர் விடவில்லை. "அந்தத் தாய்க்குப் பெருமிதம்தான் ரீச்சர். எழுதினவருக்குத்தான் பயம். அழமாட்டாள், அழமாட்டாள் என்டு ஏழு தரம் சொல்றார். பெத்த உம்மா அழுதா அவருக்குத் தாங்க ஏலாது" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது லுத்பியா மேல் இல்லை என்று விளங்கியது. ஜனா களத்தில் நின்றவன் இல்லை, அண்ணா. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் பட்டுச் செத்தவன். முகாமிலிருந்து வந்து அம்மா முதன்முதல் உங்களோடு கதைத்த அன்று, "என்ரை பிள்ளை" என்று குரலெடுத்ததும் லைன் கட்டாகிவிட்டது. நீங்கள் திருப்பி எடுக்கவில்லை. இரண்டு கிழமையில் கவிதை வந்தது.

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அம்மாவின் கண்ணைத்தான் பார்க்கிறார்கள். வீரத்தாய் என்கிறார்கள். அம்மாவும் உங்களுக்காக அப்படியே இருந்துவிட்டார். ஆனால் பின்னேரம் டிவி நாடகத்தில் யாரோ ஒருத்தியின் பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் விக்கி விக்கி அழுகிறார். துயர நாடகம் பார்க்கிறவரின் மனப்பாரத்தை இறக்கி வைக்கும் என்று வகுப்பில் படிப்பிக்கிற எனக்கு, சொந்த வீட்டில் நடந்தது இத்தனை வருஷம் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேற்றுச் சேலையை மடித்துக்கொண்டே அம்மா கேட்டார், "அந்தக் கூட்டத்திலை எனக்கு அழுகை வந்தா யோகன் கோவிப்பானோ, பிள்ளை?" 

நல்ல கவிதை அது. நீங்கள் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அம்மாவைத் திரையில் காட்டாதீர்கள். கூட்டத்துக்கு முதல் அவருடன் கதையுங்கள். கவிதை பற்றி வேண்டாம். ஜனாவுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். நீங்கள் இன்னும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு நான் வகுப்புக்குப் போய்விடுவேன், அம்மா தனியே இருப்பார். உங்களுக்கு அது விடியற்காலை. அண்ணியைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு எடுங்கள். அம்மா அழுது முடிக்கும் வரைக்கும் லைனிலேயே இருங்கள், அண்ணா.

உங்கள் மனதுக்குத் தைரியம் தரச் சொல்லி முருகனை வேண்டும்,
அன்புத் தங்கை
நிருஷா